கண்ணுக்குள் மத்தாப்பு

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் நெருப்பு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. பீடி குடிக்கிற ஆம்பிளைகள்கூட கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டு, "அது இருக்கா?" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டும்போதுதான் அந்தச் சொல் எங்கள் வாய்க்குத் திரும்ப வரும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று போர்மேன் சீனிவாசகம் அண்ணாச்சி இரண்டே விஷயம்தான் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்லாதே. எவளாவது "ஓடு" என்றால் ஓடு, எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. கேட்பதையெல்லாம் வெளியே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

நான் ஒருநாள் "ஓடு" என்று கத்தினேன். ஓடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம் சித்திரை மாசம். பத்திரகாளியம்மன் பொங்கலுக்கு விரதம் இருந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் ரூமில் மூன்று பேர் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து குத்திக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் பொன்னுத்தங்கம். வாயை மூடத் தெரியாதவள், ஆனால் கை அதற்காக நிற்காது. எதிரில் சோலையம்மாள், என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி. மருந்து என்றால் வெடிமருந்து. அது எங்கள் முன்னால் மரத்தட்டில் சாம்பல் நிறத்தில், பார்க்க அடுப்புச் சாம்பல் மாதிரி சாதுவாக இருக்கும்.

தட்டுக்கு இடது பக்கம், கண்ணின் ஓரத்தில், ஒரு பொறி தெரிந்தது. ஊசிமுனைதான். ஆனால் துடித்தது. நான் கண்ணைச் சிமிட்டினேன். போகவில்லை. அது நீண்டு வளைந்து, ரம்பப் பல் மாதிரி பல் பல்லாக மினுங்கத் தொடங்கியது. கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் முதலில் இப்படித்தான் சிடுசிடுக்கும். அதற்கு மேல் பார்ப்பதற்கு நான் பைத்தியக்காரி இல்லை.

"ஓடு!"

எங்கள் ரூம் ஓடியது. அதைப் பார்த்து அடுத்த ரூம் ஓடியது. அந்த வரிசை முழுக்க ஓடியது. மதினி வாசல்கல் தடுக்கி விழுந்தார், அவர் மேல் நான் விழுந்தேன். அவர் கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வேப்பமரத்தடியில் எல்லோரும் மூச்சுவாங்கி நிற்க, அண்ணாச்சி நனைந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு ரூமுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னத்தப் பாத்த தாயி? உள்ள ஒண்ணையுங் காணோமே."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வெள்ளைச் சட்டை மேலும் அந்தப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பாதியைக் காணவில்லை. மூக்குக்கு அந்தப் பக்கம் வெறும் மினுமினுப்புதான். கொஞ்ச நேரத்தில் பொறி தானாக அணைந்தது. பிறகு வலதுபக்க நெற்றிப்பொட்டில் யாரோ ஆப்பு வைத்து அடிக்கிற மாதிரி இடி தொடங்கியது. வெளிச்சம் பட்டால் வலி, பேச்சுச் சத்தம் கேட்டால் வலி, பசை வாடை அடித்தால் குமட்டல். அன்று பூராவும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன்.

மண்டையிடி எனக்குப் புதிது இல்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாசத்துக்கு ஒரு தரமாவது வரும். சுக்கை இழைத்துப் பற்றுப்போட்டு, துணியால் இறுக்கிக் கட்டி, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால் மறுநாள் எழுந்துவிடுவேன். ஆனால் கண்ணில் மத்தாப்புக் கொளுத்திவிட்டு வருவது அதுதான் முதல் தடவை. வந்த நோய், வருவதற்கு வேறு இடம் பார்த்திருக்கக் கூடாதா? கருவக்காட்டில் விறகு வெட்டுகிறவளுக்குக் கண்ணில் பொறி பறந்தால் அவளுக்கு என்ன போயிற்று?

மதினி காலுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. என் வீட்டுக்காரர் நாகையா அவருக்கும் சேர்த்துத் திட்டினார். அவரும் அதே கம்பெனியில்தான் லாரியில் லோடு ஏற்றுகிற வேலை.

அடுத்த மாசம் மறுபடி வந்தது. அதே இடது ஓரம், அதே ஊசிமுனை. இந்தத் தடவை கத்துவதற்கு வாய் வரவில்லை. கால் மட்டும் எழுந்து ஓடிவிட்டது. வேப்பமரத்தடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் பொன்னுத்தங்கம் ரூம் வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏண்டி, எங்கள விட்டுட்டு நீ மட்டும் ஓடுற? நெசமாவே இருந்திருந்தா? நான் கருகிக் கெடப்பேன், நீ மரத்தடியில காத்து வாங்குவியாக்கும்?"

நான் யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்றவள் இல்லை. அன்று தோற்றேன். அவள் கேட்டதில் என்ன தப்பு? முதல் தடவை எல்லோரையும் ஓடவிட்டுக் காலை உடைத்தேன். இரண்டாம் தடவை நான் மட்டும் தப்பித்தேன். எது அசிங்கம் என்று யோசித்தால் இரண்டாவதுதான் அசிங்கம்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சீசன் நேரம், தாயி. ஒரு தரம் வரிசை பூரா எந்திரிச்சு ஓடுனா அன்னைக்கு வேலை போச்சு. அதுகூடப் பரவாயில்ல. பொய்யாவே ஓடிப் பழகுனா, மெய்யா வர்ற அன்னைக்கு ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உன்னை வச்சுக்கிற முடியாது. என்னையக் கொறை சொல்லாத."

அவர் சொன்னதும் சரிதான். எல்லோரும் சரியாகவே சொன்னார்கள், என் கண் ஒன்றுதான் தப்பு.

மூன்றாம் தடவைதான் எல்லாவற்றையும்விட மோசம். தட்டு நிறைய மருந்து. பக்கத்தில் குத்தி முடித்த புஸ்வாணங்கள் பலகையில் வரிசையாக நிற்கின்றன. இடது ஓரத்தில் பொறி வந்துவிட்டது. ஓடினால் வேலை போகும். ஓடாமல் இருந்து, இது நிஜமாக இருந்தால் நான் மட்டுமா போவேன்? பொன்னுத்தங்கத்துக்கு இரண்டு பிள்ளைகள். நான் கையை நிறுத்தாமல் குத்திக்கொண்டே இருந்தேன். பொறி நகர்ந்து தட்டுக்கு மேலேயே வந்து நின்றது. மருந்தின் மேல் மினுமினு என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, நான் அதற்குள் கையை விட்டு மருந்து அள்ளுகிறேன். ஒவ்வொரு தரம் அள்ளும்போதும் இந்தத் தரம், இந்தத் தரம் என்று நெஞ்சு அடித்தது. சேலை முதுகோடு நனைந்து ஒட்டிவிட்டது. பொன்னுத்தங்கம் ஏதோ கதை சொல்லிச் சிரிக்கிறாள், ஒரு சொல் என் காதில் ஏறவில்லை. கடைசியில் பொறி கரைந்து, வலி வந்தது. மண்டை பிளக்கிற வலி. இப்படி ஒரு வலி வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டு அழுதேன். வலி வந்தால்தானே அது நோய் என்று தெரிகிறது? வலி வருகிறவரை அது எது என்று எனக்குத் தெரியாதே.

மரியாதையாக வேறு வேலைக்குப் போயிருக்கலாம். வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். எங்கே போவது? காட்டு வேலைக்கு மழை இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் மட்டும் என்ன, அங்கேயும் அதே பயம்தான், பெட்டி சின்னது, அவ்வளவுதான்.

முதலில் கோடாங்கியிடம் போனோம். அவர் உடுக்கை அடித்து, என் தலைமுடியைப் பிடித்து உலுக்கி, முன்னொரு காலத்தில் கம்பெனியில் கருகிச் செத்த ஒருத்தி என் இடது கண்ணில் வந்து நிற்கிறாள் என்றார். எனக்கு ஏற்கெனவே மண்டையிடி. உடுக்கைச் சத்தத்தில் அது இரண்டு மடங்கு ஆனது. அதோடு ஒரு பேயின் பயமும் சேர்ந்துகொண்டது. வீடு திரும்பும்போது, "இனிமே என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகாதீக" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் மதினி விடவில்லை. அவர் கால் கட்டைப் பார்ப்பதற்குச் சாத்தூர் போகவேண்டியிருந்தது. "அங்கன ஒரு டாக்டரம்மா இருக்காக, வா, வந்து உன் மண்டையையும் காட்டு" என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்.

நான் போகும்போது ஒரு முடிவோடுதான் போனேன். மூளையில் கட்டி என்று சொல்வார்கள், இல்லையென்றால் கண் போய்விடும் என்பார்கள். இரண்டில் எது என்றாலும் வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது என்று மதினியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

டாக்டரம்மா என் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். கையைக் காலை அசைக்கச் சொன்னார். கோடு போட்ட மாதிரி நடக்கச் சொன்னார். பிறகு கேள்வி மேல் கேள்வி. என்றைக்கு வருகிறது, அன்று சாப்பிட்டாயா, தூங்கினாயா, வெயிலில் நின்றாயா, தூரமாகிற நாளையொட்டி வருகிறதா. நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். முதல் தடவை விரதம். இரண்டாம் தடவை தீட்டுக்கு முதல்நாள். மூன்றாம் தடவை பிந்தி எழுந்ததால் கஞ்சி குடிக்காமல் ஓடிவந்த நாள். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் என் மண்டையைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான், இதைக் கேட்க இன்னொருத்தர் வேண்டியிருந்தது.

"அந்த வெளிச்சம் வருதுன்னு சொன்னியே. அது வந்திருக்கும்போது கண்ணை மூடினா போயிடுதா, இல்ல அப்பவும் தெரியுதா?"

"மூடிப் பாத்ததில்லம்மா. வெடிமருந்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு கண்ணை மூடுறதுக்கு யாருக்கு தெகிரியம் இருக்கு?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். நான் எந்த வேலையில் இருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"இது ஒற்றைத் தலைவலி. கட்டியும் இல்ல, கண்ணும் போகாது. சில பேருக்கு வலிக்கு முன்னால இப்படி வெளிச்சம் தெரியும். அது கண்ணுல இல்ல, மூளைக்குள்ள நடக்கறது. அதனால கண்ணை மூடினாலும் அது போகாது. உள்ள ஓடிட்டேதான் இருக்கும். அடுத்த தரம் மூடிப் பாரு."

"மூடுனா போயிருச்சுன்னா?"

"போயிட்டா, அது வெளியில இருக்குன்னு அர்த்தம்."

இந்த நோய் அடியோடு போகும் என்று அவர் சொல்லவில்லை. குறைக்கலாம் என்றார். வயிற்றைக் காயப்போடாதே. தண்ணீர் குடி. வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. சீசனோ என்னவோ, தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழு. வெளிச்சம் தெரிந்தவுடனே மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டில் படுத்துவிடு, வலி ஏறின பிறகு போட்டால் கேட்காது. ஆனால் தினம் தினம் மாத்திரை விழுங்கினால் அதுவே வலியைக் கொண்டுவரும் என்றும் மிரட்டி அனுப்பினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். என் மனசில் நின்றது ஒன்றுதான். கண்ணை மூடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை வீட்டில் வைத்து வந்தது, நல்லவேளை. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இடது ஓரத்தில் ஊசிமுனை தெரிந்ததும் இறுக்கிக் கண்ணை மூடினேன். உள்ளே இருந்தது! பல் பல்லாக, அதே மத்தாப்பு, இருட்டில் முன்னைவிடப் பளிச்சென்று ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டே கையைத் தட்டிச் சிரித்ததைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்துபோய், கோடாங்கி சொன்னவள் வந்துவிட்டாள் என்று திருநீற்றை எடுக்க ஓடினார்.

அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"கண்ணை மூடுனா இருக்கும், தொறந்தாலும் இருக்கும்னா உன் மண்டையிடி. அப்படித்தான?"

"ஆமா அண்ணாச்சி. வந்தா நானே எந்திரிச்சுப் போயிருதேன். கத்த மாட்டேன். காயிதக் கட்டு அடுக்குற ரூம்ல செத்த நேரம் படுத்துக்கிறேன், அங்கதான் இருட்டா இருக்கு."

அவர் சம்மதித்தார். எங்கள் ரூமில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நான் கையை நிறுத்திக் கண்ணை மூடினால் போதும், பொன்னுத்தங்கம் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்: "உள்ளுக்கா, வெளியவா?" நான் "உள்ளுக்குத்தான்" என்பேன். "போ, போய்ப் படு மகாராணி" என்பாள். நான் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காகித ரூமுக்குப் போய் ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் படுப்பேன். கஞ்சி குடிக்காமல் வேலைக்குப் போவதை விட்டேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விரதத்தையும் விட்டேன். மாசத்துக்கு ஒன்று என்று வந்தது, இரண்டு மாசத்துக்கு ஒன்று என்று குறைந்தது.

மதினியும் வேலைக்குத் திரும்பினார். கால் கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். அவரால் பழையபடி ஓட முடியாது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் உள்ளே தள்ளி உட்கார்ந்தேன்.

இவ்வளவு ஆன பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. எல்லோருக்கும் வேடிக்கை, எனக்கு அப்படி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்? உள்ளே மத்தாப்பு ஓடும்போதே வெளியேயும் ஒரு பொறி கிளம்பினால், என் கண் அதை எப்படிப் பிரிக்கும்? அதனால்தான் பொறி தெரிந்தவுடன் ஒரு நிமிஷம்கூட ரூமில் உட்காருவதில்லை. இன்னொன்றும் இருந்தது. கண்ணை மூடுகிற அந்த ஒரு கணம். மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் நான் குருடிதானே? அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொன்னுத்தங்கம் அதையும் வைத்துச் சிரிப்பாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி. தீபாவளி நெருங்கிவிட்டது, ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது. இரண்டு நாளாக அடைமழை. மழை நாளில் எங்களுக்கு வேலை கொடுக்கமாட்டார்கள். வெள்ளிப்பொடி என்கிற அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே உள்ளுக்குள் சூடு காணும். மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் கேட்டைத் திறந்துவிட்டார்கள். முன்பு குத்திவைத்த புஸ்வாணப் பலகைகளை எங்கள் ரூமின் உள்சுவர் ஓரம் அடுக்கியிருந்தார்கள். என் இடது பக்கம்.

அன்று காலையில் நான் வயிறு நிறையக் கம்மங்கஞ்சி குடித்திருந்தேன். நன்றாகத் தூங்கியிருந்தேன். மண்டையிடி வருகிற நாளே இல்லை அது.

இடது ஓரத்தில் ஊசிமுனை தெரிந்தது.

என்னடா இது, இன்றைக்கு எதற்கு வந்தாய் என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

இருட்டாக இருந்தது.

பக்கத்தில் பொன்னுத்தங்கம் கேட்கிறாள், "உள்ளுக்கா, வெளியவா?" நான் அந்த இருட்டில் மத்தாப்பைத் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். வந்துவிடு, வந்துவிடு என்று கெஞ்சினேன். எவ்வளவு மண்டையிடி வேண்டுமானாலும் கொடு, வந்துவிடு. வரவில்லை. கண்ணைத் திறந்தேன். மேல் பலகையில் ஒரு புஸ்வாணத்தின் ஓரத்தில் சிடுசிடு என்று ஒரு பொறி, மெல்லிசாகப் புகை.

"வெளிய! ஓடு!"

அவர்கள் கேள்வி கேட்கவில்லை. மதினி வாசலில் உருண்டு வெளியே போனார், நான் அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் பொன்னுத்தங்கத்தின் காலடி கேட்டது. பிறகு என் முதுகில் யாரோ கதவால் அறைந்த மாதிரி இருந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ரூம் போய்விட்டது. கூரையில் ஓடு ஒன்றுகூட இல்லை. பக்கத்து ரூம்களில் இருந்தவர்களெல்லாம் எங்களைப் பார்த்து ஏற்கெனவே ஓடியிருந்தார்கள், அதனால் யாரும் சாகவில்லை. மதினிக்குச் சிராய்ப்போடு போயிற்று. பொன்னுத்தங்கம்தான் கடைசியாக வந்தவள். அவளுக்கு வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது, கழுத்தின் பின்பக்கமும்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வாழையிலையில் படுக்கவைத்திருந்தார்கள். அவள் பேசவில்லை. அவள் பேசாமல் கிடந்ததை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணாச்சி பார்க்க வந்தார். கையைப் பார்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, திட்டுகிற குரலில் அல்ல, மனசு பொறுக்காத குரலில் சொன்னார்.

"கண்ணை மூடிட்டு இருந்தியே தாயி, அந்த நேரத்துல இந்தப் புள்ள வெளிய வந்திருப்பாளே."

அதைத்தான் நானும் விபத்து நடந்ததிலிருந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதையும் கேட்கவில்லை. அந்த இருட்டில் நான் மத்தாப்பைத் தேடிக்கொண்டு நின்றேனே, அது எம்புட்டு நேரம்? ஒரு மூச்சா, இரண்டு மூச்சா? அந்த மூச்சில்தானே அவள் கை வெந்தது?

கட்டிலிலிருந்து குரல் வந்தது. கரகரவென்று, அவள் குரல் மாதிரியே இல்லை.

"அவ கண்ணை மூடாமக் கத்தியிருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன் அண்ணாச்சி. மண்டையிடிக்காரி கத்துதான்னுட்டுக் குத்திக்கிட்டேதான் இருந்திருப்பேன். அவ மூடுனதப் பாத்தேன், தொறந்ததப் பாத்தேன். அவ மூஞ்சியப் பாத்துத்தான் ஓடுனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏடி, அன்னைக்குக் கண்ணை மூடுனப்ப உனக்கு என்ன தெரிஞ்சுச்சு?"

"ஒண்ணுந் தெரியல. இருட்டாக் கெடந்துச்சு."

"அந்த இருட்டுலதான் பொளைச்சோம்" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். நான் கரண்டியால் ஊட்டினேன். பாதி அவள் கழுத்தில் கொட்டியது, அதற்கு ஒரு வசவு விட்டாள். அந்த வசவைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவள் கை தேறிவிட்டது. விரல் இரண்டு மடங்காது, அவ்வளவுதான். நான் இப்போது மருந்து ரூமுக்குப் போவதில்லை. காகிதக் குழாய் சுருட்டுகிற இடத்துக்கு அண்ணாச்சி மாற்றிவிட்டார். மண்டையிடி இன்னும் வருகிறது. முன்போல இல்லை, எப்போதாவது. அதைச் சமாளிக்கத் தெரிந்துவிட்டது. சமாளிக்கத் தெரியாமல் இருப்பது வேறொன்று.

படுக்கையில் சாய்ந்து கண்ணை மூடுகிறேன். எல்லோருக்கும் இருப்பது மாதிரி இருட்டாகத்தான் இருக்கிறது. அந்த இருட்டைப் பார்த்ததும் என் கால் எழுந்து ஓடப் பார்க்கிறது. நெஞ்சு அடிக்கிறது, வேர்க்கிறது, கண்ணைத் திறந்து சுவரையும் கூரையையும் அடுப்பையும் பார்க்கிறேன். மறுபடி மூடுகிறேன். மறுபடி இருட்டு. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய ஒண்ணும் இல்ல, நான் பாத்துட்டேன், தூங்கு" என்கிறார். அவர் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மத்தாப்பு வந்து உள்ளே ஓடுகிற நாளில் மட்டும்தான் நான் நிம்மதியாகக் கண்ணை மூடிக் கிடக்கிறேன். மண்டை பிளந்தால் பிளக்கட்டும். அது என்னுடையது, யாரும் ஓட வேண்டியதில்லை.